காதடிக் கட்டியைக் கீறிப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. இரண்டு மூன்று வருடங்களாக அப்படியே இருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பெருத்து வருகிறது. வீட்டில் 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். அக்கம்பக்கத்தில் 'கொழுப்புக் கட்டிதான்' என்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு சிறிய மருத்துவமனையில், மரத்துப்போக ஊசி போட்டு, 2 செ.மீ. நீளத்துக்குக் கீறி, 20 நிமிடத்தில் கட்டியைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். நான்கு தையல். மாலையில் வீடு. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

எட்டு வருடம் கழித்து அதே இடத்தில் தோலுக்கடியில் மிளகு சிதறியதுபோல ஏழெட்டுச் சிறு கட்டிகளோடு அந்த நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து நிற்கிறார். முதல் நாளில் மூன்று மணி நேர அறுவையோடு முடிந்திருக்க வேண்டிய நோய், இப்போது முகத்தின் அசைவையே பணயம் வைக்கிற நோயாகிவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் நடக்கிற இந்த ஒரு தவறு முழுக்க முழுக்கத் தவிர்க்கக் கூடியது. அதனால்தான் நீளமாக இருந்தாலும் இந்தக் கடிதத்தை விவரமாக எழுதுகிறோம்.

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழும் இருக்கிற பரோட்டிட் சுரப்பி, கீழ்த்தாடைக்கு அடியில் இருக்கும் தாடையடிச் சுரப்பி, நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடிச் சுரப்பி. இவை போக உதடு, கன்னம், அண்ணம், தொண்டை எங்கும் 600 முதல் 1,000 வரை நுண்சுரப்பிகள் உண்டு. கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பரோட்டிட்டில்தான் வருகின்றன. அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் புற்று அல்லாதவை. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் சுரப்பி சிறியதாகச் சிறியதாக அந்த ஆறுதல் குறைந்துகொண்டே போகிறது. தாடையடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் கிட்டத்தட்டப் பாதி புற்று. நாவடிச் சுரப்பியில் வந்தால் பெரும்பாலும் புற்றுதான். அண்ணத்திலோ மேலுதட்டிலோ வலியில்லாத கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால், அதை வாய்ப்புண் என்றோ பல்லின் சீழ் என்றோ விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கீழுதட்டில் வருவது பெரும்பாலும் கடிபட்டு உண்டாகும் நீர்க்கொப்புளம். மேலுதட்டில் வருவது பெரும்பாலும் கட்டி. இந்த வேறுபாட்டைப் பல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். பொது மருத்துவர்களும் மனத்தில் வைத்திருந்தால் நல்லது.

காதடிக் கட்டி ஏன் மற்ற கட்டிகளைப்போல் இல்லை? முகநரம்பு பரோட்டிட் சுரப்பிக்குள் புகுந்து செல்கிறது என்பதுதான் பதில். காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு துளை வழியாக அது வெளியே வருகிறது. 2 முதல் 3 மி.மீ. தடிமன்தான். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தனித் தண்டாகச் சென்று சுரப்பிக்குள் இரண்டாகப் பிரிந்து, பிறகு ஐந்து முக்கியக் கிளைகளாக விரிகிறது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை இறுக மூடுவது, கன்னத்தை உப்புவது, கீழுதட்டை இழுப்பது எல்லாம் இந்த நூலிழைகளின் வேலை. நரம்புக்கு மேலே இருக்கும் சுரப்பிப் பகுதியை மேல்மடல் என்றும் கீழே இருப்பதை ஆழ்மடல் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே இயற்கையான பிரிகோடு எதுவும் கிடையாது. நரம்பு போகிற பாதைதான் கோடு. அதைக் கண்ணால் பார்க்காமல் 2 செ.மீ. கீறல் வழியாகக் கத்திரியை உள்ளே விடுவது எத்தனை ஆபத்து என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

நரம்பு தப்பிவிட்டாலும் வேறொரு கேடு காத்திருக்கிறது. பரோட்டிட் கட்டிகளில் மிக அதிகமாக வருவது பிளியோமார்ஃபிக் அடினோமா. இது புற்று அல்ல. தொட்டால் வழுக்கி நகரும், சுற்றிலும் உறை போர்த்தியதுபோல இருக்கும். 'முழுசாக வந்துவிட்டது' என்ற எண்ணத்தைத் தோண்டுகிறவருக்குத் தருவது இந்த உறைதான். நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை வேறு. உறை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் காகிதம்போல மெலிந்தும் சில இடங்களில் இல்லாமலும் இருக்கும். கட்டியிலிருந்து சிறு விரல்களைப்போன்ற நீட்சிகள் உறையைத் தாண்டி அருகிலுள்ள சுரப்பிக்குள் போயிருக்கும். கட்டியை உறையோடு ஒட்டித் தோண்டினால் இந்த நீட்சிகள் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். இன்னும் மோசமானது உறை கிழிவது. கட்டிக்குள் இருப்பது சளிபோன்ற வழவழப்பான பொருள். அது காயத்துக்குள் சிதறினால் விழுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். பழைய முறையில் தோண்டி மட்டும் எடுத்த காலத்தில் 20 முதல் 45 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்பி வந்தது. சுற்றிலும் நல்ல சுரப்பித் திசுவோடு சேர்த்து எடுக்கத் தொடங்கிய பிறகு அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கத்தி அதேதான், நோயும் அதேதான். எவ்வளவு திசுவைச் சேர்த்து எடுக்கிறோம் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

திரும்பி வரும் கட்டி உடனே வருவதில்லை. சராசரியாக 7 முதல் 10 வருடம் ஆகும். அதனால் முதலில் தோண்டிய மருத்துவருக்குத் தன் தவறு தெரிய வாய்ப்பே இல்லை. நோயாளி அவரிடம் திரும்பிப் போவதில்லை. அவரும் 'நான் செய்ததெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று மனதார நம்புகிறார். இந்தத் தவறு தலைமுறை தாண்டியும் தொடர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. மறுமுறை அறுவைக்குப் போகும்போது உள்ளே எல்லாம் தழும்பு. நரம்பும் தழும்பும் ஒரே நிறத்தில் ஒட்டிக் கிடக்கும். நிரந்தர முகவாதத்துக்கான ஆபத்து முதல் அறுவையைவிடப் பல மடங்கு. பல சிறு கட்டிகளாகச் சிதறியிருந்தால் முழுதும் எடுத்தோம் என்ற உறுதியையும் யாராலும் தர முடியாது.

சரி, வீட்டில் எப்படிச் சந்தேகப்படுவது? கண்ணாடி முன் நின்று இரண்டு காது மடல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பரோட்டிட் கட்டி காது மடலின் கீழ் நுனியை மேலே தூக்கும். காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் தாடைக்கும் இடையே விரல் படிகிற பள்ளத்தை நிரப்பிவிடும். பொன்னுக்கு வீங்கியும் இதே இடத்தில்தான் வருகிறது. ஆனால் அது வைரஸ் நோய். காய்ச்சலும் வலியும் உண்டு, பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானே வடிந்துவிடும். கழுத்தில் பொன் சங்கிலி போட்டால் இறங்கும் என்ற நம்பிக்கை உண்டானதும் அப்படித் தானே வடிவதால்தான். ஒரு பக்கம் மட்டும், வலியில்லாமல், மூன்று வாரம் தாண்டியும் இருக்கிற கட்டி பொன்னுக்கு வீங்கி அல்ல. பத்துப் போட்டும் சுண்ணாம்பு தடவியும் காலம் கடத்துவதால் கட்டி கரையப் போவதில்லை. தோல் வெந்து, பிறகு கீறல் போட வேண்டிய இடம் கெடுகிறது. இரண்டு பக்கமும் வலியில்லாமல் வீங்கியிருந்தால் சர்க்கரை நோய், நாள்பட்ட மதுப்பழக்கம், கண்ணும் வாயும் உலர்ந்துபோகிற ஷோக்ரென் நோய், எச்.ஐ.வி. தொற்று ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அங்கே கத்திக்கு வேலை இல்லாமலும் போகலாம்.

கட்டி இருக்கும் பக்கம் கண் மூடவில்லை, வாய் கோணுகிறது என்றால் அது புற்றாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு விரைந்து செயல்பட வேண்டும். புற்று அல்லாத கட்டி எவ்வளவு பெரிதானாலும் நரம்பைத் தள்ளிவைக்குமே தவிர, செயலிழக்க வைப்பது மிக அரிது. மெதுவாக வளர்ந்த கட்டி திடீரென்று வேகமாகப் பெருப்பது, விடாத வலி, தோலோடு ஒட்டிப்போவது, கழுத்தில் புதிதாக நெறி கட்டுவது எல்லாம் அதே வகை எச்சரிக்கைகள். பிளியோமார்ஃபிக் அடினோமாவே காலப்போக்கில் புற்றாக மாறலாம். முதல் 5 வருடத்தில் அந்த ஆபத்து 1.5 சதவீத அளவில் இருக்கிறது. 15 வருடம் தாண்டினால் 10 சதவீதத்தை நெருங்குகிறது. 'இத்தனை வருஷமா ஒண்ணும் பண்ணலையே' என்பது இந்தக் கட்டியைப் பொறுத்தவரை தவறான தைரியம்.

பரிசோதனை வரிசைக்கு வருவோம். முதலில் அல்ட்ராசவுண்ட். கட்டி சுரப்பிக்குள் இருக்கிறதா, பக்கத்து நிணநீர் முடிச்சா என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. இதற்கு 22 முதல் 25 கேஜ் ஊசி போதும் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்). அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்தினால் சரியான இடத்திலிருந்து செல்கள் வரும். 'ஊசி குத்தினால் பரவிவிடும்' என்று பலர் மறுத்துவிட்டுப் போகிறார்கள். இவ்வளவு மெல்லிய ஊசியால் கட்டி பரவுவது நடைமுறையில் பொருட்படுத்த வேண்டிய அபாயமே அல்ல. பரப்புவது கத்தி, அதாவது 'துண்டு எடுத்துப் பார்க்கலாம்' என்று கட்டியின் மேல் கீறி, உறையைத் திறக்கும் பயாப்ஸி. தோலை ஏற்கெனவே உடைத்து வெளியே வந்துவிட்ட புற்றைத் தவிர, பரோட்டிட் கட்டியில் திறந்த பயாப்ஸிக்கு இடமில்லை. ஊசி முடிவை எழுத 2018இல் வெளியான மிலன் வகைப்பாட்டைச் செல்லியல் நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். 'போதிய செல்கள் இல்லை' என்று வந்தால் 'நோய் இல்லை' என்று பொருள் அல்ல. மீண்டும் குத்த வேண்டும். தேவையானால் சற்றுத் தடித்த 18 கேஜ் ஊசியால் அல்ட்ராசவுண்டு துணையுடன் திசு எடுக்கலாம்.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் கழுத்துக் கட்டி என்றாலே காசநோய் நினைவுக்கு வருவது நியாயமே. கண்டமாலை எனப்படும் கழுத்து நெறிக் காசநோய் இங்கே அரிதான நோய் அல்ல. ஆனால் ஊசிப் பரிசோதனை செய்யாமலே ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பது, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கு ஆறு மாத அவகாசம் கொடுப்பதாகும்.

எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையா என்றால், சிறியதாக, நன்றாக நகர்கிற, மேல்மடல் கட்டிக்கு அல்ட்ராசவுண்டும் ஊசியுமே போதும் என்பது எங்கள் கருத்து. ஆழ்மடல் சந்தேகம், 4 செ.மீ.க்கு மேல் அளவு, நகராத கட்டி, முகவாதம், மறுமுறை வந்த கட்டி, ஊசியில் புற்று என்ற முடிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் எம்.ஆர்.ஐ. கட்டாயம். நரம்பு வழியாக நோய் மண்டையோட்டை நோக்கி ஏறியிருக்கிறதா என்பதை சி.டி.யைவிட அதுதான் நன்றாகக் காட்டும். ஆழ்மடல் கட்டி சில சமயம் வெளியே தெரியாமல் தொண்டைக்குள் வளர்ந்து, டான்சிலையும் மெல்லண்ணத்தையும் உள்பக்கமாகத் தள்ளும். அதை டான்சில் கட்டி என்று நினைத்து வாய்வழியே கீறுவது காதடியில் தோண்டுவதைவிடவும் ஆபத்தானது. கழுத்தின் பெருந்தமனி அங்கே மிக அருகில் ஓடுகிறது. இந்தக் கட்டியைக் கழுத்து வழியாகத்தான் அணுக வேண்டும்.

முறையான அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் நோயாளிகளின் பயத்தில் பாதி குறையும். முழு மயக்கம் கொடுப்பார்கள். ஆனால் தசைகளை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் மருந்தைத் தவிர்க்கும்படி மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்வார்கள். நரம்பைத் தொட்டால் முகம் துடிக்க வேண்டும், அந்தத் துடிப்புதான் வழிகாட்டி. கண் ஓரமும் வாய் ஓரமும் துணியால் மூடப்படாமல் பார்வைக்குத் தெரியும்படி வைப்பார்கள். நரம்புக் கண்காணிப்புக் கருவி இருந்தால் அதன் மெல்லிய ஊசிகளைக் கண், வாயைச் சுற்றிய தசைகளில் பொருத்துவார்கள். கருவி நல்ல துணை. மறுமுறை அறுவையில் அது இல்லாமல் இறங்கக் கூடாது. என்றாலும் உடற்கூறு தெரிந்த கைக்கு அது மாற்றாகாது.

கீறல் காதுக்கு முன்னே தோல் மடிப்பில் தொடங்கி, காது மடலின் கீழ் வளைந்து பின்னே போய், அங்கிருந்து கழுத்து மடிப்பில் இறங்கும். அறுவை நிபுணர்கள் இதைத் திருத்திய பிளேர் கீறல் என்பார்கள். நீளம் கேட்டுப் பலர் திடுக்கிடுவார்கள். ஆறு மாதத்தில் இந்தத் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோலைச் சுரப்பியின் உறைக்கு மேலாக உயர்த்தியதும், காது மடலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு குறுக்கே வரும். அதன் பின்கிளையை முடிந்தவரை காப்பாற்றினால் காதில் மரப்பு குறைவாக இருக்கும். பிறகு சுரப்பியின் பின்விளிம்பைக் காதுக் குருத்தெலும்பிலிருந்தும் கழுத்துத் தசையிலிருந்தும் விடுவித்து, முகநரம்பின் தண்டைத் தேடுவார்கள். காதுக் குருத்தெலும்பின் கூரிய நுனியிலிருந்து சுமார் 1 செ.மீ. உள்ளேயும் சற்றுக் கீழேயும் முன்னேயும் ஓர் அடையாளம். தாடைக்கு அடியிலிருந்து காதுப்பின் எலும்புக்குப் போகும் டைகாஸ்ட்ரிக் தசை அந்த எலும்பில் ஒட்டுகிற ஆழம் இன்னொன்று. செவிக்குழாய் எலும்புக்கும் காதுப்பின் எலும்புக்கும் இடையேயுள்ள இணைப்புக் கோடு மூன்றாவது, அதிலிருந்து 6 முதல் 8 மி.மீ. உள்ளே நரம்பு இருக்கும். மூன்றும் ஒன்றையொன்று உறுதி செய்ய வேண்டும். இரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தைகளுக்குக் காதுப்பின் எலும்பு வளர்ந்திருக்காது. நரம்பு தோலுக்கு மிக அருகில் கிடக்கும். பெரியவர்களுக்கான கீறலைக் குழந்தைக்குப் போட்டால் முதல் வெட்டிலேயே நரம்பு போய்விடலாம்.

தண்டு கிடைத்ததும் அதன் மேற்பரப்பை ஒட்டியே மெல்லிய வளைந்த ஃபோர்செப்ஸால் சுரங்கம்போல வழி உண்டாக்கி, மேலுள்ள திசுவைத் தூக்கி, கீழே நரம்பைப் பார்த்துவிட்டு மட்டுமே வெட்டுவார்கள். பார்க்காமல் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டுவதில்லை. ரத்தம் தேங்கினால் நரம்பு மறைந்துவிடும். அதனால் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பதும், நரம்பருகே வெப்பம் பரவாமல் ரத்தக் கசிவை நிறுத்தும் பைபோலார் கருவியை மட்டும் பயன்படுத்துவதும் சின்ன விஷயங்கள் அல்ல. ரத்தம் கசிகிறது என்று ஆழம் பாராமல் கவ்வியைப் போட்டு மூடுவதில்தான் பல நரம்புகள் அடிபடுகின்றன. தாடைக்குப் பின்னால் ஓடும் சிரை, நரம்புக்கு அடுத்தபடியாகக் கீழே கிடப்பது இதற்கு முக்கியக் காரணம். கட்டி மிகப் பெரிதாகத் தண்டையே மறைத்திருந்தால், தாடையோரக் கிளையை முதலில் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கி வருவார்கள்.

எல்லாருக்கும் மேல்மடல் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியைச் சுற்றி நல்ல திசு இருக்கும்படி, தொடர்புள்ள நரம்புக் கிளைகளை மட்டும் கண்டறிந்து கட்டியை எடுக்கும் பகுதி அறுவை இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. உறைக்கு வெளியே 2 முதல் 3 மி.மீ. திசுவோடு எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு; சிறிய, நகரும், மேலோட்டமான கட்டிக்கு, பழகிய கைகளில் அது நல்ல பலன் தருகிறது. அதைப் பழைய தோண்டலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நரம்பை எப்போது வேண்டுமானாலும் தேடிக் கண்டறியக் கூடிய நிபுணர், உறையைத் தொடாமல் செய்கிற வேலை அது. முடிவில் வடிகுழாய் ஒன்று வைத்து மூடுவார்கள். நாளொன்றுக்கு 25, 30 மி.லி.க்கும் கீழே வடிந்ததும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில், எடுத்துவிடுவார்கள். ஐந்து முதல் ஏழாம் நாளில் தையல் பிரிக்கலாம்.

'அறுவை செய்தால் வாய் கோணிவிடும்' என்ற பயத்தை மறைத்துப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முறையாகச் செய்தாலும் நரம்பு சற்று இழுபடும். 20 முதல் 40 சதவீதம் பேருக்குத் தற்காலிகமாக ஏதாவது ஒரு பகுதி தளரும். பெரும்பாலும் கீழுதட்டின் ஓரம், ஏனென்றால் அந்தக் கிளைதான் மிக மெல்லியது. நரம்பு அறுபடாமல் இருந்தால் சில வாரங்களில் திரும்பத் தொடங்கி, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். புற்று அல்லாத கட்டிக்கான முதல் அறுவையில் நிரந்தரப் பாதிப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த இடைக்காலத்தில் கண்ணைத்தான் கவனிக்க வேண்டும். இமை மூடாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டுவது, வெளியே போனால் கண்ணாடி. கண்ணில் வலியோ சிவப்போ வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காது மடல் மரத்திருப்பது பல மாதம் நீடிக்கும். தோடு போடும்போதும் முகச்சவரம் செய்யும்போதும் காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது காயத்திலிருந்து எச்சில் கசியலாம், தோலுக்கடியில் தேங்கலாம். ஊசியால் உறிஞ்சி, அழுத்திக் கட்டினால் பெரும்பாலும் சில வாரத்தில் நின்றுவிடும். மாதங்கள் கழித்து, புளிப்பாக எதையாவது சாப்பிட்டால் கன்னம் சிவந்து வியர்க்கும் விசித்திரமும் நேரலாம். உமிழ்நீருக்கான நரம்பு நார்கள் வழிதவறி வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துவிடுவதால் வருவது இது. போலந்து நாட்டு நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரே 1923இல் இதை விளக்கினார். அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. ஆபத்தில்லை. தொந்தரவாக இருந்தால் அந்த இடத்தில் போட்டுலினம் ஊசி போட்டால் பல மாதங்களுக்கு நிற்கும்.

தாடையடிச் சுரப்பிக்கு வந்தால், அங்கே அதிகம் ஏமாற்றுவது உமிழ்நீர்க் குழாயை அடைக்கும் கல். சாப்பிடும்போது வீங்கி, வலித்து, ஒரு மணி நேரத்தில் வடிந்தால் கல் என்று சந்தேகிக்கலாம். உணவோடு தொடர்பில்லாமல் கெட்டியாக நிற்பது கட்டி. அதை அகற்றக் கீறல் தாடை விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம், 3 முதல் 4 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே போனால் கீழுதட்டு நரம்பு அறுபடும். உள்ளே நாக்கின் உணர்ச்சி நரம்பும் நாக்கை அசைக்கும் நரம்பும் இருக்கின்றன, இரண்டையும் கண்டு விலக்கிய பிறகே சுரப்பியின் குழாயைக் கட்டலாம். கட்டி என்றால் சுரப்பியை முழுதாகவே எடுக்க வேண்டும், அதிலிருந்து கட்டியை மட்டும் பிதுக்கி எடுப்பது கூடாது.

புற்று என்று உறுதியானால் கேள்விகள் மாறுகின்றன. முகம் நன்றாக அசைகிறது, நரம்பைக் கட்டியிலிருந்து பிரிக்க முடிகிறது என்றால் நரம்பைக் காப்பாற்ற வேண்டும். பயாப்ஸியில் 'புற்று' என்று வந்ததற்காக மட்டும் நல்ல நரம்பை வெட்டும் காலம் போய்விட்டது. ஏற்கெனவே செயலிழந்த, நோய் ஊடுருவிய நரம்பை எடுத்தே ஆக வேண்டும். அதே மேசையில் கழுத்து நரம்பையோ கெண்டைக்கால் நரம்பையோ எடுத்து ஒட்டுப் போடுவது நல்லது. பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அதுவரை மேலிமைக்குள் சிறு தங்க அல்லது பிளாட்டின எடை வைத்தால் கண் மூடும். கழுத்து முடிச்சுகளில் நோய் இருந்தாலோ, வீரியம் மிகுந்த வகையாக இருந்தாலோ அவற்றையும் அகற்ற வேண்டும். சிறிய, வீரியம் குறைந்த மியூகோஎபிடெர்மாய்டு புற்று முழுதாக வந்துவிட்டால் அறுவையோடு முடித்துக்கொள்ளலாம். வீரியம் மிகுந்தது, வெட்டி எடுத்த திசுவின் விளிம்பில் நோய் நிற்பது, நரம்பில் ஏறியது, முடிச்சுகளுக்குப் பரவியது என்றால் கதிர்வீச்சு அவசியம்: 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 முதல் 33 அமர்வுகள், அறுவை முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். காயம் ஆறட்டும், திருவிழா முடியட்டும் என்று மூன்று மாதம் தள்ளிப்போடும்போது அறுவையின் பயனே கரைகிறது. காப்பாற்ற முடியாத சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பின்னர் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அடினாய்டு சிஸ்டிக் என்ற வகையைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. மெதுவாக வளரும், நரம்புகளைப் பிடித்துக்கொண்டு நகரும், பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும். ஐந்து வருடம் நன்றாக இருந்தால் குணம் என்று மற்ற புற்றுகளுக்குச் சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வர வேண்டும்.

அதே நேரம் எல்லாக் காதடிக் கட்டிக்கும் கத்தி வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பீடி, சிகரெட் புகைக்கும் வயதானவர்களுக்கு வரும் வார்தின் கட்டி மென்மையாக இருக்கும், சில சமயம் இரண்டு பக்கமும் வரும், புற்றாக மாறுவது மிக மிக அரிது. ஊசியில் அது உறுதியாகி, இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ள முதியவர் என்றால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டே விட்டுவிடலாம். புகையை விடச் சொல்வது அங்கே அறுவையைவிடப் பெரிய சிகிச்சை.

அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. ஊசி முடிவு என்ன, கட்டி எந்த மடலில் இருக்கிறது, முகநரம்பைக் கண்டறிந்துதான் அறுவை செய்வீர்களா, முழு மயக்கமா, எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகிறதா? 'முகநரம்பெல்லாம் பார்க்கத் தேவையில்லை, லோக்கலில் எடுத்துடலாம்' என்று பதில் வந்தால் இன்னொரு கருத்தைக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பொது அறுவைப் பிரிவிலும் பரோட்டிட் அறுவை செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அதில் இந்த அறுவைக்கு அனுமதி பெறுவது பற்றி அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மருத்துவ நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள். காது மடலுக்கு முன்னும் கீழும் இருக்கும் எந்தக் கட்டியையும், வேறென்று நிரூபணமாகும்வரை பரோட்டிட் கட்டி என்றே கொள்ளுங்கள். அதைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்துத் திறந்துவிட்டு உள்ளே சுரப்பித் திசு தெரிந்தால், மேற்கொண்டு எதையும் செய்யாமல் அப்படியே மூடி அனுப்பிவிடுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை, நோயாளிக்கு அது பெரிய உதவி. எடுத்த கட்டியை வெட்டிப் பார்க்காமல் முழுதாக, அதன் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்புங்கள். அறுவையின்போது உறை கிழிந்திருந்தால், காயத்தைக் கழுவியதோடு நிறுத்தாமல் அதை டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த மடல், எந்தெந்த நரம்புக் கிளைகள் காணப்பட்டன, உறை முழுமையாக இருந்ததா. பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில் அந்தக் கழுத்தைத் திறக்கப்போகிறவரிடம் நோயாளி கொண்டுபோய்க் காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். நோயாளிகள் அதையும் பயாப்ஸி அறிக்கையையும் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தலை, கழுத்து அறுவை மருத்துவர்கள் சிலர்,
மதுரை.